தேய்ந்த கிளட்ச்

போர்ட் பிளேரில் சமதளமான சாலைகள் குறைவு. சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் காலை, பள்ளிக்குச் செல்லும் மேட்டில் என் மாருதி 800 உறுமியது, ஆனால் முன்னேறவில்லை. ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த இயந்திரத்தின் ஓசை கூடிற்றே தவிர, வேகம் கூடவில்லை. கருகல் வாடை வேறு. பின்னால் வந்த பேருந்து ஓட்டுநர் கூறியதைப் பாடநூலில் எழுத இயலாது.

இடமாற்றம் பெற்று ஊர் திரும்பிய ஓர் அலுவலரிடம் நான் வாங்கிய வண்டி அது. 1,64,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அவ்வகை வண்டியின் உற்பத்தியே 2014 ஜனவரியில் நின்றுவிட்டது.

பட்டறை மெக்கானிக் தமிழர். தந்தை காலத்திலேயே இங்குக் குடியேறிய குடும்பம். அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாம் கியரில் கிளட்சை மெல்ல விடுவித்தார். கிளட்ச் நன்றாக இருந்தால் அப்போது இயந்திரம் திணறி நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை.

"பிளேட் தேய்ந்துபோச்சு, சார்" என்றார்.

இயந்திரத்தோடு சுழலும் ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையே இறுக்கப்பட்டிருக்கும் வட்டத் தகடே கிளட்ச் பிளேட். அதன் இருபுறமும் உள்ள உராய்வுப் பூச்சுதான் இயந்திரத்தின் ஆற்றலைச் சக்கரங்களுக்குக் கடத்துகிறது. செருப்பின் அடி தேய்வதுபோல அதுவும் தேயும்.

மாற்றுவதற்கு 7,500 ரூபாய். வண்டியை விற்றாலே 30,000 ரூபாய்தான் கிடைக்கும். நண்பர் ஒருவர் வழி சொன்னார்: "சமதளத்தில் ஓட்டிக் காட்டி, புதிதாக வருபவர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். உங்களுக்கும் மாற்றல் வரத்தானே போகிறது?"

அவ்வாறு ஒருவர் வரவும் செய்தார். ரங்கத்தில் பணியேற்க வந்த இளம் ஆசிரியை. விலை கேட்டார், மறுநாள் சொல்கிறேன் என்றேன். அன்றிரவு அவர் செல்லவேண்டிய வழியே கண்முன் நின்றது. ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜாரவா மக்களின் காப்பகக் காடு. காவலர் துணையுடன் வண்டிகள் வரிசையாகத்தான் செல்ல வேண்டும்; இடையில் நிறுத்த அனுமதி இல்லை. அங்கே இந்த வண்டி உறுமிக்கொண்டு நின்றால்? மறுநாள் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் வாங்கவில்லை.

எனினும் என் கேள்வி தீரவில்லை. அதற்கு மெக்கானிக்தான் விடை காட்டினார். "கிளட்ச் கிடக்கட்டும் சார், முதலில் அடியைப் பார்ப்போம்" என்று வண்டியைத் தூக்கி, திருப்புளியால் ஒவ்வோர் இடமாகக் குத்திப் பார்த்தார். கடற்காற்று வீசும் ஊரில் வண்டியின் ஆயுளைத் துருவே முடிவு செய்கிறது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னே உள்ளங்கை அளவு தகரம் உதிர்ந்தது. சக்கரங்களைத் தாங்கும் பகுதிகள் உறுதியாக இருந்தன. இயந்திரத்திலும் புகையில்லை. "தாங்குகிற இடம் இற்றிருந்தால் இந்த வேலையே எடுத்திருக்க மாட்டேன்" என்றார்.

செலவழிக்க முடிவு செய்தேன். பிளேட்டை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். கியர்பாக்ஸைக் கழற்றுவதே பெரிய வேலை. அதே கையோடு பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றாவிட்டால், அவற்றுக்காக மீண்டும் கழற்ற வேண்டிவரும் என்றார். பின்பு சற்றுத் தயங்கி, "மேட்டில் வண்டி நிற்கும்போது இடது காலை எங்கே வைப்பீர்கள் சார்?" என்றார்.

கிளட்சின் மேல்தான். ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்தாமல், கிளட்சைப் பாதி அழுத்தியே மேட்டில் வண்டியை நிறுத்திவைப்பது என் பழக்கம். மற்றவர்க்குப் பாடம் நடத்துபவன் பதில் சொல்லாமல் நின்றேன்.

உதிரிப் பாகங்கள் சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும். மூன்று நாள் பயணம். கடல் கொந்தளித்ததால் மேலும் தாமதம். அதுவரை பள்ளிக்கு நடந்தேன். உடன் நடந்த மாணவர்கள் நாள்தோறும், "கப்பல் வந்துவிட்டதா ஐயா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

இப்போது வண்டி மேடேறுகிறது. பட்டறைச் சீட்டை அதனுள்ளேயே வைத்திருக்கிறேன். கிளட்ச் மாற்றிய நாளும் கிலோமீட்டரும் அதில் உள்ளன. துருவுக்கு ஒட்டுப்போட்ட இடத்தைச் சீட்டின் பின்புறம் நானே எழுதிவைத்தேன். எனக்கு மாற்றல் வரும்போது, வாங்க வருபவர் படித்துப் பார்க்கட்டும்.