வெள்ளாத்துக்கு ஒரு பாய்மரம்

பெண்ணாடத்துக்காரனுக்கும் பாய்மரப் படகுக்கும் என்னய்யா சம்பந்தம்னு ஆபீஸ்ல கேட்காத ஆளே இல்லை. கடல் எங்க ஊர்ல இருந்து 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. சுத்தி கரும்புக் கொல்லைதான். ஆனா மக்களே, எங்க ஊர் சாமி பேரு பிரளயகாலேஸ்வரர். ஊழி வெள்ளத்தைத் தடுக்கணும்னு நந்தி சாமியைப் பார்க்காம வாசலைப் பார்த்துத் திரும்பி உக்காந்திருக்கும். அது போக, ஊர்ப்பக்கம் ஓடுற வெள்ளாறு நேரா பரங்கிப்பேட்டைக்குப் போய்தான் கடல்ல விழுது. சம்பந்தம் போதுமா? :-)

கிறுக்கு பிடிச்சது 'சுஹைலி'யைப் பத்திப் படிச்ச அன்னிக்கு. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன்னு ஒரு வெள்ளைக்காரர். 1968 ஜூன் 14 அன்னிக்கு இங்கிலாந்துல ஃபால்மவுத்துல கிளம்பி, எங்கயும் கரை ஒதுங்காம, தன்னந்தனியா உலகத்தைச் சுத்திட்டு 1969 ஏப்ரல் 22 அன்னிக்குத் திரும்பி வந்தார். 312 நாள். போட்டியில இறங்கின 9 பேர்ல முடிச்சது இவர் மட்டும்தான். இதெல்லாம் நிறைய பேருக்குத் தெரியும். அந்தப் படகு எங்க கட்டினதுன்னு கேட்டா முழிப்பாங்க. பம்பாயில சாமி, கொலாபாவுல!

அப்ப அவருக்கு வயசு 24, 25 தான். சரக்குக் கப்பல்ல அதிகாரி. கூட வேலை பார்த்தவங்களோட சேர்ந்து நாமளே ஒரு படகு கட்டி ஊருக்கு ஓட்டிட்டுப் போவோம்னு 1963-ல ஆரம்பிச்சிருக்காங்க. இவங்க கேட்ட வரைபடம் ஒண்ணு, வந்து சேர்ந்தது வேற ஒண்ணு. 1920-கள்ல வில்லியம் அட்கின் வரைஞ்ச 'எரிக்'ங்கிற பழைய டிசைன். அதையும் திருப்பி அனுப்பாம, சரி இதையே கட்டுவோம்னு இறங்கிட்டாங்க. (ரெக்வயர்மென்ட் ஒண்ணு, டெலிவரி வேறங்கிறது நம்ம ஃபீல்டுல மட்டும்தான்னு நினைச்சிட்டு இருந்தேன்.) உள்ளூர் தச்சருங்க வாய்ச்சியும் வில்லு துளைப்பானும் வச்சு, தேக்குல இழைச்சு இழைச்சு 32 அடிப் படகு கட்டியிருக்காங்க. 1964 டிசம்பர்ல தேங்காய் உடைச்சு தண்ணியில இறக்கினாங்க. சுஹைலின்னா பாரசீக வளைகுடாப் பக்கம் அரபு மாலுமிங்க தென்கிழக்குக் காத்துக்குச் சொல்ற பேரு. சுஹைல்னு அவங்க சொல்ற நட்சத்திரம் நமக்கு அகத்தியர்!

எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தப் பயணத்துல நடந்த ஒரு ரிப்பேர். அட்லாண்டிக் நடுவுல படகோட அடியில, கீல் சேர்ற இடத்துல தண்ணி கசியுது. மனுஷன் கடல்ல குதிச்சு, மூச்சடக்கி மூச்சடக்கிக் கீழ போயி, பஞ்சுத் திரியை இடுக்குல அடைச்சு, மேல கான்வாஸ் துணியும் செப்புத் தகடும் வச்சு ஆணி அடிச்சிருக்கார். நடுவுல சுறா வேற. நாமளும்தான் தினம் ஆணி பிடுங்கறோம். இந்த ஆளு கடலுக்கு அடியில ஆணி அடிச்சிருக்கார்யா!

அதே சுஹைலி மாதிரியே கோவாவுல 'துரியா'ன்னு ஒரு படகு கட்டி, 2018 போட்டியில நம்ம கடற்படை அபிலாஷ் டோமி போனதும், இந்தியப் பெருங்கடல் புயல்ல பாய்மரம் முறிஞ்சு முதுகு உடைஞ்சதும், பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் போய்த் தூக்கினதும் நினைவிருக்கும். அதே ஆளு 2022-ல மறுபடி கிளம்பி, 2023 ஏப்ரல்ல ரெண்டாவதா வந்தார். எங்க அம்மாகிட்ட இந்தக் கதையில முதல் பாதியைச் சொல்லவே இல்லை.

இப்ப என் கதை. அஞ்சு வருஷம் பொட்டி தட்டிச் சேர்த்த காசுல விருத்தாசலம் ரோட்டுல ஒரு மனை வாங்கணும்ங்கிறது அப்பாவோட கணக்கு. அதுல ஒரு பங்கை எடுத்து 16 அடியில ஒரு சின்னப் படகு. ரெண்டு பேர் படுக்க இடம், ஒரு ஸ்டவ், தண்ணிக் கேன். இது என் கணக்கு. வீட்டுல ரெண்டு வாரம் பேச்சுவார்த்தையே இல்லை.

கடலூர் ஓ.டி. பக்கம் ஃபைபர் போட்டு கட்டுற அண்ணன் ஒருத்தர்கிட்ட போய்க் கேட்டேன். "தம்பி, நாங்க அச்சு வச்சு ஊத்துறவங்க. நீங்க ஒரே ஒரு போட்டுக்கு அச்சு செஞ்சா கட்டுப்படியாகாது"ன்னார். அதனால மெரைன் பிளைவுட். பலகைகளை வரைஞ்சு வெட்டி, ஓரத்துல ஓட்டை போட்டு, செப்புக் கம்பியால துணி மாதிரி தைச்சு, இடுக்குல எபாக்ஸி பூசி, கண்ணாடி நார்ப்பட்டை ஒட்டுற முறை. மீன்பிடி போட்டுக்கு ஊத்துற பாலியெஸ்டர் ரெசின் மரத்தை அவ்வளவா பிடிக்காது, எபாக்ஸிதான் சரி. ஆனா நம்ம சித்திரை வெயில்ல எபாக்ஸியை டப்பாவுல மொத்தமா கலக்கி வச்சா டப்பாவிலேயே சூடேறி இறுகிடும். கொஞ்சம் கொஞ்சமா கலக்கி, அகலத் தட்டுல பரப்பிக்கணும், விடிகாலையில வேலை பார்க்கணும். நமக்கு விடிகாலைன்னா என்னன்னே தெரியாது, அது தனிப் பிரச்சினை.

உடம்பு முடிஞ்சா படகு முடிஞ்ச மாதிரின்னு நினைக்காதீங்க. காசு தின்றதே அப்புறம்தான். பாய், மரம், அதை இழுத்துப் பிடிக்கிற கம்பி, நங்கூரம், பேட்டரின்னு போய்க்கிட்டே இருக்கும். பாய் தைக்கத்தான் ஆள் தேடி அலைஞ்சேன். சிங்காரத்தோப்புல ஒரு தாத்தா, சின்ன வயசுல கட்டுமரத்துல பாய் விரிச்சு ஓடினவர். வாடை, கொண்டல், சோழகம், கச்சான்னு காத்து ஒவ்வொண்ணுக்கும் பாயை எப்படிச் சாய்க்கணும்னு மணல்ல கோடு போட்டுக் காட்டினார். அவர் பேரனுங்க எல்லாம் இன்ஜின்காரங்க. "அவனுங்களுக்கு காத்து எதுக்கு"ன்னு சிரிச்சார். எனக்கு சிரிப்பு வரலை. தைச்சுத் தரேன்னு சொல்லியிருக்கார், கண்ணுதான் சரியா தெரியலையாம்.

போன ஞாயித்துக்கிழமை அப்பாவே கூப்பிட்டார். மனை பேச்சுதான்னு நினைச்சுப் போனேன்.

"பரங்கிப்பேட்டை முகத்துவாரத்துல மணல் மேடு இருக்கும்டா. உன் படகு தண்ணிக்குள்ள எவ்ளோ இறங்கும்?"

சுஹைலிக்கு அஞ்சடிக்கு மேல இறங்கும். அது மாதிரி ஆழமான கீல் வச்சா முகத்துவாரத்துல தட்டி நிக்கும். அதனால தூக்கி இறக்குற நடுப்பலகை, தூக்கிட்டா ஓரடிதான்னு சொன்னேன்.

"மாட்டுக் கொட்டகை பதினெட்டு அடி இருக்கு. மாட்டைப் பின்னாடி கட்டிக்கலாம். ஆனா மனைக்கு அட்வான்ஸும் குடுத்துடணும்"னார்.

ரெண்டுக்கும் சேர்த்துக் காசு இல்லை. அதனால பாயும் மரமும் அடுத்த வருஷம். பிளைவுட் மட்டும் இந்த மாசம் வருது. பலகை வெட்டத் தெரிஞ்ச மகராசனுங்க யாராவது இந்தப் பக்கம் வந்தா ஒரு சத்தம் குடுங்கப்பா.