வெள்ளைப் புள்ளிகளால் ஆன உலகம்

டொமினியன்ஸ் என்னும் கற்பனைப் போர்வியூக ஆட்டத்தின் ஆறாம் பதிப்பு 2024 ஜனவரி 17 அன்று வெளிவந்தது. பெரிய நிறுவனங்கள் ஓர் ஆட்டத்துக்கு நூற்றுக்கணக்கானோரை அமர்த்தும் இக்காலத்தில், ஸ்வீடனைச் சேர்ந்த ஜோஹன் கார்ல்சன், கிறிஸ்டோஃபர் ஓஸ்டர்மன் ஆகிய இருவர் இல்விண்டர் கேம் டிசைன் என்ற பெயரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஆட்டத்தைத் திருத்தியும் விரித்தும் வருகிறார்கள். நிரல் எழுதுவது பெரும்பாலும் முன்னவரின் பொறுப்பாகவும், நாடுகளையும் தெய்வங்களையும் பூதங்களையும் படைப்பது பின்னவரின் பொறுப்பாகவும் இருந்து வருகிறது. பெருமுதலீட்டாளரின் பணத்தையும் அவர் விதிக்கும் நிபந்தனைகளையும் சாராமல் படைப்போரே முடிவெடுத்து உருவாக்கும் இத்தகைய ஆட்டங்களைச் சுயாதீன ஆட்டங்கள் என்று வகைப்படுத்துவர்.

ஆட்டத்தின் கதைப்பின்னணி எளிது. உலகை ஆண்டுவந்த பாண்டோக்ரேட்டர் என்னும் முழுமுதற்கடவுள் மறைந்துவிட, காலியான அந்த இருக்கைக்கு உரிமை கோரிப் பல போலித் தெய்வங்கள் கிளம்புகின்றன. ஒவ்வொரு தெய்வத்தையும் ஒரு நாடு வணங்குகிறது. நாடுகள் ஒன்றோடொன்று பொருது மாகாணங்களைக் கைப்பற்றுகின்றன. இவ்வகை ஆட்டங்களில் நிலம் பிடிப்பது என்றால் படையை அனுப்பி எல்லையைத் தள்ளுவது என்றே பொருள். இங்கோ படை பிடித்த நிலம் ஒரு வரைபடமாகவும் நம்பிக்கை பரவிய நிலம் இன்னொரு வரைபடமாகவும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கோயில்கள், தீர்க்கதரிசி, தெய்வத்தின் நேரடி இருப்பு ஆகியவற்றால் பரவும் நம்பிக்கையே ஆட்டத்தின் பெயரிலுள்ள டொமினியன் ஆகும். அது மாகாணத்தின்மேல் மெழுகுவத்திகளாகக் காட்டப்படுவதோடு, வெப்பநிலை, விளைச்சல், ஒழுங்கு, நற்பேறு முதலியவற்றையும் அத்தெய்வத்தின் இயல்புக்கேற்ப மாற்றுகிறது. எங்குமே தன் நம்பிக்கை எஞ்சாத தெய்வம், எவ்வளவு படை வைத்திருந்தாலும், ஆட்டத்திலிருந்து நீங்கிவிடும். ஆட்டத்தின் மூன்று காலங்களுள் இடைக்காலத்தில் வரும் எர்மோர் என்னும் பிணங்களின் பேரரசின் நம்பிக்கை பரவிய இடங்களில் மக்கள் மாதந்தோறும் மடிகிறார்கள். வரி செலுத்த ஆளற்ற வெற்று நிலமே அதை வென்றவருக்குக் கிடைக்கிறது. நிலத்தைப் பிடிப்பதற்கும் நிலத்தால் பயன்பெறுவதற்கும் உள்ள இடைவெளியை இவ்வளவு கொடூரமாகக் காட்டும் ஆட்டங்கள் மிகச் சிலவே.

இவ்வாட்டம் உருவாகும் விதத்தைக் காண விரும்புபவர் ஸ்வீடன்வரை செல்ல வேண்டியதில்லை. ஆட்டத்தை வாங்கியவரின் கணினியிலுள்ள கோப்புறைகளைத் திறந்தாலே பட்டறையின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும். வரைபடங்களுக்கு ஒரு கோப்புறையும் ரசிகர்கள் செய்யும் மாற்றங்களுக்கு இன்னொரு கோப்புறையும் அங்கே உள்ளன. மாற்றம் என்பது புதிய படைவீரன், புதிய மந்திரம், சில வேளைகளில் முழுதாக ஒரு புதிய நாடு. ஆட்டக்காரர் வட்டத்தில் இதனை ‘மாட்’ என்றும் செய்பவரை ‘மாடர்’ என்றும் அழைப்பர். மாட் கோப்பு எந்தச் சிறப்பு மென்பொருளையும் வேண்டாத எளிய எழுத்துக் கோப்பு. வரிக்கு ஒரு கட்டளையாக, வீரனின் பெயர், உயிர்ப்புள்ளி, வலிமை, தாக்கும் திறன், தற்காப்பு, மனவுறுதி, பொற்காசு விலை என்று அது நீள்கிறது. சராசரி மனிதனுக்கு இவற்றுள் பெரும்பாலானவை 10 என்று வைத்துக்கொண்டு, மற்றெல்லா உயிர்களும் அந்த அளவுகோலால் அளக்கப்படுகின்றன. மூன்றாம் பதிப்பிலேயே 1,500க்கும் மேற்பட்ட உருக்களும் 600க்கும் மேற்பட்ட மந்திரங்களும் இருந்தன என்பதும், அவற்றை விளக்க புரூஸ் கெரிக் எழுதிய கையேடு ஏறத்தாழ 300 பக்கங்களுக்கு ஓடியது என்பதும் இவ்வுழைப்பின் அளவைப் புலப்படுத்தும். ஆயுதப் பட்டியலும் கவச எண்களும் எவ்வாறு கோக்கப்படுகின்றன என்பது சலிப்பூட்டும் பகுதியாதலால் இங்கே விடப்படுகிறது.

கவனத்துக்குரியது வரைபடம் செய்பவரின் வேலை. வரைபடம் இரண்டு கோப்புகளால் ஆனது: ஒன்று படம், மற்றொன்று அப்படத்துக்குரிய எழுத்துக் குறிப்பு. மலைகளையும் கடற்கரைகளையும் காடுகளையும் எத்தனை அழகாகத் தீட்டியிருந்தாலும் நிரலுக்கு அவை வெறும் வண்ணங்களே. ஒரு மாகாணம் எங்கே இருக்கிறது என்பதை அது அறிவது, படத்தில் வைக்கப்பட்ட ஒரே ஒரு தூய வெள்ளைப் படப்புள்ளியால்தான். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் முழு அளவான 255இல் நிற்கும் பிக்சல் எங்கே கண்ணில் படுகிறதோ அங்கே ஒரு மாகாணம் உண்டு என்று நிரல் முடிவுசெய்கிறது. படத்தின் கீழ் இடது மூலையிலிருந்து வரிவரியாகப் படித்துக்கொண்டு மேலேறி, முதலில் கண்டதற்கு 1, அடுத்ததற்கு 2 என்று எண் கொடுத்துச் செல்கிறது. கொடியும் கோட்டையும் படையும் பின்னர் அந்தப் புள்ளியைச் சுற்றியே நிற்கின்றன.

இந்த ஏற்பாட்டின் எளிமை, வரைபவரின் தூரிகையைக் கட்டுப்படுத்தும் கண்டிப்பாகவும் ஆகிறது. பனிமலையின் உச்சியில் தூய வெள்ளை சிறிது தெறித்தாலும், நாட்டின் பெயரை எழுதிய எழுத்தின் ஓரத்தில் அது ஒட்டிக்கொண்டாலும், அந்த இடத்தில் யாரும் கேட்காத மாகாணம் ஒன்று முளைத்துவிடுகிறது. அது முளைத்த கணமே அதற்கு மேலுள்ள எல்லா மாகாணங்களின் எண்களும் ஒன்று நகர்ந்து, குறிப்புக் கோப்பில் எழுதப்பட்ட காடு கடலாகவும் கடல் வயலாகவும் குழம்பிப்போகின்றன. ஆதலால் பழகிய கை பனியைச் சற்றே மங்கிய வெண்மையில் தீட்டும். தூய வெள்ளையை வேலையின் கடைசிக் கட்டத்துக்கென ஒதுக்கி வைக்கும். புள்ளி வைக்கும்போது ஓரங்களை மென்மையாக்கும் தூரிகையைத் தவிர்த்து, ஒரு பிக்சல் அகலமுள்ள பென்சில் கருவியை எடுக்கும். ஏனெனில் மென்மையாக்கப்பட்ட புள்ளி பார்வைக்கு வெள்ளையாகத் தோன்றினாலும் 255ஐ எட்டாமல் நின்றுவிட, வரைந்த மாகாணம் ஆட்டத்தில் இல்லாமலே போகும்.

புள்ளி வைத்தபின் நிலத்தின் தன்மையைச் சொல்ல வேண்டும். கடலுக்கு 4, சதுப்புக்கு 32, பாழ்நிலத்துக்கு 64, காட்டுக்கு 128, விளைநிலத்துக்கு 256 என்று எண்கள் வகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் இரண்டின் அடுக்காக இருப்பதால், எந்த இரண்டைக் கூட்டினாலும் வேறெந்தக் கூட்டலோடும் குழம்பாத தனி எண் கிடைக்கிறது. கடலோடு காட்டைக் கூட்டி 132 என்று எழுதினால் கடற்பாசிக் காடு பிறக்கிறது. அதன்பின் எந்த மாகாணம் எதற்கு அண்டை என்பதை ஒவ்வோர் இணையாக எழுத வேண்டும். படத்தில் ஒட்டிக்கிடக்கும் இரு நிலங்களுக்கிடையே அண்டை வரியை எழுத மறந்தால் ஒரு படைவீரனும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது. படத்தில் விலகிக்கிடக்கும் இரண்டை எழுத்தால் இணைத்துவிட்டால் இடையே எதுவும் இல்லாததுபோல் படைகள் கடந்துவிடும்.

அழகுக்கும் கணக்குக்கும் மேலாக நியாயம் என்று ஒன்றும் இவ்வேலையில் உண்டு. ஆட்டக்காரர் ஒருவருக்குச் சுமார் 15 மாகாணங்கள் இருக்க வேண்டும் என்பது பலர் சேர்ந்து ஆடுவோரிடம் நிலைபெற்றுவிட்ட வழக்கம். அதைவிட நுட்பமானது தலைநகர்களைச் சுற்றியுள்ள அண்டைகளின் எண்ணிக்கை: கோட்டையுள்ள மாகாணம் தன்னைச் சுற்றியுள்ள நிலங்களிலிருந்தும் இரும்பு, மரம் போன்ற மூலவளங்களை இழுத்துக்கொள்வதால், ஆறு அண்டைகள் வாய்த்த நாடு கனத்த கவசமணிந்த வீரர்களைத் தடையின்றி உருவாக்கும்போது, மூன்று அண்டைகளோடு மூலையில் மாட்டிய நாடு தோலாடைக்காரர்களை வைத்துக்கொண்டு தவிக்கும். எனவே தேர்ந்த வரைபடக்காரர் தொடக்க இடங்களைத் தாமே குறித்து, தகுதியற்ற இடங்களில் எவரும் தொடங்கக்கூடாது என்றும் குறிப்பில் எழுதி வைப்பார். தோற்றவர் தம் தோல்விக்கு வரைபடத்தைக் காரணம் காட்டும்போது அக்குற்றச்சாட்டு சில வேளைகளில் உண்மையாகவே இருந்துவிடுகிறது.

உருவம் தீட்டுவோரின் வேலை இதைவிடச் சுருக்கமானது. ஒவ்வொரு வீரனுக்கும் இரண்டே படங்கள், ஒன்று நிற்கும் நிலை, மற்றொன்று தாக்கும் நிலை; கறுப்பு வண்ணம் ஊடுருவித் தெரியும் பகுதியாகவும், அடர்ந்த மெஜந்தா வண்ணம் தரையில் விழும் நிழலாகவும் கொள்ளப்படும். முப்பரிமாண உருவங்களுக்குப் பழகிய கண்ணுக்கு இவை பழமையாகத் தோன்றலாம். ஆனால் தனியொருவர் மாலைப்பொழுதுகளில் அமர்ந்து முழு நாடொன்றின் படையைத் தீட்டி முடிக்க முடிவது இந்தப் பழமையால்தான். காட்சிப் பகட்டைத் துறந்ததனாலேயே இவ்வாட்டம் இத்தனை நாடுகளைத் தாங்குகிறது என்று சொல்வதில் பிழையில்லை.

அந்நாடுகளுள் சில தமிழ் வாசகருக்கு மிகவும் தெரிந்த பெயர்களைத் தாங்கியவை. முற்காலம், இடைக்காலம், பிற்காலம் என மூன்றாகப் பகுக்கப்பட்ட ஆட்டத்தின் முற்காலத்தில் கைலாசாவும் லங்காவும், இடைக்காலத்தில் பந்தர் லோக்கும், பிற்காலத்தில் பாதாளாவும் வருகின்றன. யட்சரும் கந்தர்வரும் கின்னரரும் கைலாசாவோடு சேர, லங்காவில் இராக்கதர் ஆள, பாதாளத்தில் நாகர் ஆட்சி நடக்கிறது. பந்தர் லோக் என்ற பெயரோ 1894இல் வெளிவந்த கிப்ளிங்கின் ஜங்கிள் புக்கிலிருந்து வந்தது. இதிகாசமும் ஆங்கிலேயரின் சிறுவர் இலக்கியமும் ஒரே தட்டில் பரிமாறப்பட்டிருப்பது, கம்பன் வழியாக இலங்கையை அறிந்தவருக்கு முதலில் சற்று உறுத்தவே செய்யும்.

ஆயினும் படைப்பில் மேம்போக்கு இல்லை. இந்நாடுகளின் குடிகளான குரங்கினங்கள் மர்க்கடர், அடவி, பந்தர், வானரர் என்று பிரிக்கப்பட்டு, உயிர்ப்புள்ளியும் மனவுறுதியும் குறைந்த மர்க்கடர் மிக மலிவான படையாக அடியிலும், வெண்ணிற வானரர் மதிப்புக்குரியவராக மேலும் வைக்கப்பட்டுள்ளனர். பிறப்பால் அமைந்த சமூக அடுக்கு, பொற்காசு விலைப்பட்டியலாக மாறி நிற்பதைக் காண்பவருக்கு, படைத்தவர் கருதினாரோ இல்லையோ, அதுவே ஒரு விமர்சனமாகப் படலாம். லங்காவின் படைவரிசையில் காலமுகர் என்று ஒரு பிரிவு உண்டு. கொடும்பாளூர் மூவர் கோயில் கல்வெட்டு காளாமுகத் துறவியர்க்கு மடம் அளித்த செய்தியைக் கூறுவதை நினைவில் வைத்திருப்பவர், அச்சைவப் பிரிவின் பெயர் இராக்கதர் நாட்டில் போய்ச் சேர்ந்திருப்பதைக் கண்டு வியப்பார். லங்கா இரத்த மந்திரத்தில் வல்லது. அம்மந்திரத்துக்குப் பலியாவோரை மாகாணங்களில் தேடிப் பிடிக்கப் பிடிக்க அங்கே கலகம் பெருகுகிறது. ஆட்டக்காரர் தம் வலிமைக்காகத் தம் சொந்தக் குடிகளையே கரைக்க நேர்கிறது.

ஆடும் முறையிலும் இதே சிக்கனம் தெரிகிறது. ஒரு சுற்று ஒரு மாதம்; எல்லா ஆட்டக்காரரும் ஒரே நேரத்தில் கட்டளைகளை எழுதிக் கோப்பாக அனுப்ப, நடத்துபவரின் கணினி அவற்றை ஒன்றாகக் கணக்கிட்டு விளைவை அவரவர்க்குத் திருப்பி அனுப்புகிறது. மின்னஞ்சலிலேயே நடத்தக்கூடியது என்பதால் ஓர் ஆட்டம் மாதக்கணக்கில் நீள்வது வழக்கம். போர் தொடங்கியபின் எவரும் குறுக்கிட முடியாது. தளபதி ஒவ்வொருவருக்கும் முதல் ஐந்து செயல்களை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, மற்றதைப் பகடைக்கும் அவரவர் களைப்புக்கும் விட்டுவிட வேண்டும்.

வருவாய்க்கு வந்தால் படம் மாறுகிறது. இரண்டாம், மூன்றாம் பதிப்புகளை 2003இலும் 2006இலும் ஷ்ராப்னெல் கேம்ஸ் வெளியிட்டது. 2013இன் நான்காம் பதிப்பிலிருந்து இல்விண்டர் தானே வெளியிடத் தொடங்கியது. வெளியீட்டாளர் விலகினாலும் இடைத்தரகு விலகவில்லை. அது ஸ்டீம் போன்ற இணையக் கடைகளின் வடிவில் வந்து அமர்ந்தது. அங்கே விற்பனையில் 30 விழுக்காடு கடைக்குரியது. 2018 இறுதியில் இவ்விதி தளர்த்தப்பட்டபோதும், ஒரு கோடி டாலருக்குமேல் ஈட்டும் ஆட்டத்துக்கு அதன் மேற்பட்ட வருவாயில் 25 விழுக்காடும், ஐந்து கோடியைத் தாண்டினால் 20 விழுக்காடும் என்று சலுகை பெரியவர்களுக்கே வழங்கப்பட்டது. அதிகச் சரக்கு கொண்டுவரும் பண்ணையாருக்குக் கமிஷனைக் குறைத்து, கூடையோடு வரும் குடியானவரிடம் முழுக் கமிஷன் பிடிக்கும் மண்டியின் நியாயம் இது. கடை செய்யும் பணியை எவரும் மறுக்கவில்லை. சேமிப்பும் பணப்பரிமாற்றமும் வாங்குவோரின் கூட்டமும் அங்கேதான் உள்ளன. ஆனால் இரண்டு பேர் இருபது ஆண்டுகளாகச் செய்த வேலையில், ஒரு வரி நிரலும் எழுதாத, ஒரு குரங்கின் வாலையும் தீட்டாத இடைநிலையம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை எடுத்துக்கொள்வதும், அதைச் சந்தையின் இயல்பு என்று சொல்லி அனைவரும் ஏற்றுக்கொள்வதும் எரிச்சலூட்டுபவை.

மாடர்களுக்கும் வரைபடக்காரர்களுக்கும் அந்த மிச்சப் பங்கும் கிடையாது. 2015 ஏப்ரலில் ஸ்கைரிம் என்னும் வேறோர் ஆட்டத்துக்கு ரசிகர்கள் செய்த மாற்றங்களை ஸ்டீமில் விலைக்கு விற்கும் ஏற்பாடு தொடங்கி, செய்தவர்க்கு 25 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பவே சில நாள்களிலேயே அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களுள் பலர், இதுவரை இலவசமாகக் கிடைத்தது இனி விலைக்கு வரும் என்று அஞ்சிய ஆட்டக்காரர்கள். செய்பவரின் பங்கு ஏன் இவ்வளவு சிறிது என்ற கேள்வி அந்தக் கூச்சலில் அமிழ்ந்துபோயிற்று. டொமினியன்ஸின் ஆறாம் பதிப்பில் நிலத்தடிக் குகைகளுக்கென ஒரு தனித் தளம் சேர்க்கப்பட்டுள்ளது. அதைப் பயன்படுத்த விரும்பும் வரைபடக்காரர் மேல்தளத்துக்கு ஒரு படமும் குகைத்தளத்துக்கு இன்னொரு படமும் தீட்டி, இரண்டிலும் புள்ளிகளை வைத்து, அண்டை வரிகளையும் இருமுறை எழுத வேண்டும். வேலை இரண்டு மடங்காகியும் கூலி முன்போலவே ஏதுமில்லை.