வேரைப் பார்த்த பிறகே கவாத்து



2018 நவம்பர் மாதம். குன்னூரில் வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. எங்கள் மஹல்லாவின் இணையதளத்தைப் பெரிய மாற்றம் ஒன்றுக்கு ஆயத்தப்படுத்தும் பொறுப்பு அப்போது என்மீது விழுந்தது. அந்த நாட்களில் நான் கற்றுக்கொண்ட பாடம் கணினியோடு முடிந்துவிடவில்லை. ஆகவே அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அந்தத் தளத்தை 2006இல் தொடங்கியவர் என் அத்தா. தேயிலைத் தோட்டத்தில் கள அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். தொழுகை நேரங்களும் ஜனாஸா அறிவிப்புகளும் வெளியிடுவதற்காகத் தொடங்கியது, மெல்ல மெல்ல இந்த மலையில் வந்து குடியேறிய எங்கள் குடும்பங்களின் வரலாறாக வளர்ந்தது. உறவினர் எவருமின்றித் தோட்டங்களில் உழைத்து, இங்கேயே மவுத்தாகி, எங்கள் கபர்ஸ்தானில் அடக்கமானவர்களைப் பற்றி ஒரு நீண்ட தொடர் எழுதினார். பெயர், சொந்த ஊர், அடக்கம் செய்த ஆண்டு, கபர் இருக்கும் இடம் எனத் தெரிந்தவரை எல்லாவற்றையும் பதிந்தார். அதைப் படித்துவிட்டுத் திண்டுக்கல்லிலிருந்து ஓர் இளைஞர் தம் பாட்டனாரின் கபரைத் தேடி வந்தார். அங்கே நின்று அவர் துஆ செய்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். அத்தா 2014இல் மறைந்தார். அவர் எதையும் தாளில் எழுதிவைக்கவில்லை. நேரே கணினியில்தான் தட்டச்சு செய்தார். ஆகவே தளம் போனால் எல்லாம் போய்விடும்.

தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்குகிறது. அதன் 5.0 பதிப்பு நவம்பர் 19 அன்று வெளிவரும் என்றார்கள்; பிறகு 27 என்றார்கள்; இறுதியில் டிசம்பர் 6 அன்று வந்தது. எழுதும் பக்கத்தையே அது அடியோடு மாற்றியது. அதுவரை கடிதத் தாள் போல ஒரே பரப்பில் எழுதினோம். புதிய முறையில் ஒவ்வொரு பத்தியும் ஒவ்வொரு படமும் தனித்தனிக் கட்டமாகும். அச்சுக்கலையின் முன்னோடியான குட்டன்பெர்க்கின் பெயரை அந்தத் திட்டத்துக்கு வைத்திருந்தார்கள்.

தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்வார்கள் என்பதை மலைவாசிகள் அறிவார்கள். ஆனால் கத்தி வைப்பதற்கு முன் வேரைப் பார்க்க வேண்டும் என்பார் அத்தா. பென்சில் பருமனுள்ள வேர்த் துண்டை வெட்டி அயோடின் கரைசலில் நனைப்பார்கள். கருநீலமாக மாறினால் வேரில் மாவுச்சத்து இருக்கிறது, செடி மீண்டும் துளிர்க்கும். நிறம் ஏறவில்லையென்றால் கவாத்தைத் தள்ளிப்போட வேண்டும். பார்க்காமல் வெட்டினால் செடி பட்டுப்போகும்.

என் வேர் உறுதியாக இருக்கிறது என்றே நம்பியிருந்தேன். அத்தா மறைந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் தளத்தை நகலெடுத்துப் பென் டிரைவில் சேர்த்து வந்தேன். பெருமையோடு அதை என் மகளிடம் காட்டினேன். அவள் அப்போது ஹிஃப்ழு செய்துகொண்டிருந்தாள். அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "அம்மா, இதைத் திறந்து பார்த்தீங்களா?"

இல்லை. ஒருமுறைகூட இல்லை.

"நான் மனப்பாடம் பண்ணிட்டேன்னு சொன்னா உஸ்தாத் ஒத்துக்க மாட்டாங்க. ஓதிக் காட்டணும்" என்றாள்.

அன்றிரவே என் மடிக்கணினியில் ஒரு சோதனைத் தளத்தை அமைத்து, நகலை அதில் ஏற்றினேன். படங்கள் வந்தன, தேதிகள் வந்தன. தமிழ் வரவில்லை. ஒவ்வொரு தமிழ் எழுத்தும் இருக்க வேண்டிய இடத்தில் புரியாத ஐரோப்பியக் குறிகள் வரிசையாக நின்றன. அத்தாவின் பெயரும் அப்படியே. மற்ற வாரங்களின் நகல்களையும் திறந்தேன். நான்கு ஆண்டுகளாகச் சேர்த்த அத்தனையும் அதே நிலையில் இருந்தன. நகல் இருக்கிறது என்ற தைரியத்தில் நான் நேரடியாகத் தளத்தைப் புதுப்பித்து, இடையில் ஏதேனும் பழுதாகியிருந்தால்? நினைக்கவே கை நடுங்கியது.

காரணம் பிறகுதான் விளங்கியது. 2007 மே மாதம் வெளிவந்த 2.2 பதிப்புக்கு முன், தரவுத்தளம் எந்த எழுத்துமுறையைக் கையாள வேண்டும் என்று சொல்லும் வசதி வேர்ட்பிரஸ் அமைப்புக் கோப்பில் இல்லை. அதனால் அத்தாவின் தளம் ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 முறையிலேயே உருவாகியிருந்தது. யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள் கொண்டது. தரவுத்தளம் அவற்றை மூன்று ஐரோப்பிய எழுத்துகளாக எண்ணிக்கொண்டது. இருந்தாலும் வாங்கியதை வாங்கியபடியே திருப்பித் தந்ததால், தளத்தில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. நகலெடுக்கும் நிரலோ அவற்றை உண்மையிலேயே ஐரோப்பிய எழுத்துகள் என்று நம்பி, யூனிகோடுக்கு மாற்றி எழுதிவிட்டது.

அல்ஹம்துலில்லாஹ், இதற்கு மருந்து இருந்தது. தரவை மாற்றமின்றி லத்தீன்-1 ஆகவே வெளியே எடுத்து, அந்தக் கோப்பில் எழுத்துமுறையின் பெயர் வரும் இடங்களை மட்டும் யூனிகோடு என்று திருத்தி, மீண்டும் ஏற்ற வேண்டும். இரண்டு இரவுகள் ஆயின. நீங்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: தமிழ் எழுத்துகள் அயல் குறிகளாக மாறியிருந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம், நகலில் கேள்விக்குறிகளாகவே பதிவாகிவிட்டால் அதிலிருந்து மீட்க வழியில்லை.

பிறகு மகள் கைப்பேசியில் அசல் தளத்தைத் திறந்து வாசித்தாள். நான் மடிக்கணினியில் நகலைப் பார்த்துச் சரிபார்த்தேன். கபர்ஸ்தான் தொடரின் பெயர்களை ஒன்றுவிடாமல் வாசித்தோம். ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் ஒவ்வொரு ரமளானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்களுடன் குர்ஆனை ஓதிச் சரிபார்த்ததும், இறுதி ஆண்டில் இருமுறை அவ்வாறு செய்ததும் நாம் அறிந்ததே. வஹீ இறங்கிய உள்ளத்துக்கே அந்த ஒழுங்கு இருந்தது. நானோ ஒரு பென் டிரைவை நம்பி நான்கு ஆண்டுகள் நிம்மதியாக உறங்கியிருக்கிறேன். தவக்குல் என்று நான் நினைத்திருந்தது வெறும் அலட்சியம்தான்.

அதன்பின் எல்லாவற்றையும் சோதனைத் தளத்திலேயே முதலில் செய்து பார்த்தேன். எங்கள் சர்வரில் பிஎச்பி 5.6 இருந்தது, அதற்கான பாதுகாப்பு ஆதரவு 2018 டிசம்பர் 31 உடன் முடியவிருந்தது. 7.2க்கு மாற்றியதும் தொழுகை நேர அட்டவணையைக் காட்டும் செருகுநிரல் செயலிழந்து, பக்கம் வெறும் வெள்ளையாக நின்றது. அது மடிக்கணினியில் நடந்ததால் எவருடைய தொழுகைக்கும் இடையூறு இல்லை. மாற்று நிரல் ஒன்றைத் தேடிப் பொருத்தினேன். அறிவிப்புகளைத் தட்டச்சு செய்பவர் எங்கள் ஜமாஅத் செயலாளர், வயதில் மூத்தவர். அவர் புதிய கட்டங்களைக் கண்டு திகைக்காதிருக்க, பழைய எழுதுபக்கத்தைத் தக்கவைக்கும் 'கிளாசிக் எடிட்டர்' நிரலையும் நிறுவினேன். 2021 இறுதிவரை அதற்கு ஆதரவு உண்டு என்று அப்போது அறிவித்திருந்தார்கள்.

டிசம்பர் 6 அன்று அவசரப்படவில்லை. 12ஆம் தேதி 5.0.1 பதிப்பும், 19ஆம் தேதி 5.0.2 பதிப்பும் வந்தன. தொடக்கக் குறைகள் சில சரிசெய்யப்பட்ட பிறகு, ஒரு நாள் பஜ்ருக்குப் பின் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கினேன். திருத்திய தரவை ஏற்றி, புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினேன். வாரக்கணக்கான ஆயத்தம்; புதுப்பிப்பு சில நிமிடங்களில் முடிந்தது. அத்தாவின் தொடர் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தது.

இப்போது நகல்கள் மூன்று. ஒன்று என் வீட்டில். ஒன்று வேறொரு சர்வரில். மற்றொன்று மேட்டுப்பாளையத்தில் என் தம்பி வீட்டில். 2009 நவம்பரில் மண்சரிவால் மலைப்பாதை அடைபட்டதைக் கண்ட நாங்கள், எல்லாவற்றையும் மலைமேலேயே வைத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தோம். மாதம் ஒருமுறை மகளும் நானும் ஒரு நகலைத் திறந்து, ஏதேனும் ஒரு பக்கத்தை வாசித்துப் பார்க்கிறோம்.

உங்கள் மஹல்லாவுக்கோ மதரஸாவுக்கோ குடும்பத்துக்கோ ஒரு தளம் இருந்தால், அடுத்த பெரிய புதுப்பிப்புக்கு முன் அதன் நகலை வேறொரு கணினியில் ஏற்றி, ஒரு தமிழ்ப் பத்தியையாவது வாசித்துப் பாருங்கள். மறைந்தவர்களின் பெயர்கள் நம்மிடம் உள்ள அமானிதம். அவற்றைப் பேணும் வாய்ப்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.