ஒன்றும் கிடைக்காத குடாநாடு

குடாநாடு என்றால் எங்கள் வீட்டில் யாழ்ப்பாணம் மட்டும்தான். ஆனால் கனடாவிலும் ஒரு குட்டிக் குடாநாடு எனக்குப் பிடிக்கும். பெயர் பாயின்ட் ரோசி. நியூபவுண்ட்லாந்துத் தீவின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. புல், சதுப்பு, காற்று. குடியிருக்க ஆளில்லை.

2014இல் சாரா பார்க்காக் என்ற தொல்லியலாளர் செய்மதிப் படங்களில் இந்த இடத்தைக் கவனித்தார். மண்ணுக்குள் சுவர் புதைந்திருந்தால், மேலே முளைக்கும் புல் கொஞ்சம் வேறு மாதிரி வளரும். கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம் அகச்சிவப்புக் கதிரில் தெரியும். 2015இலும் 2016இலும் தோண்டினார்கள். புல்மண் சுவர் போல ஒன்று, இரும்புத் தாதைச் சுட்ட அடுப்பு போல ஒன்று. வட அமெரிக்காவில் வைக்கிங்குகள் தங்கிய இரண்டாவது இடம் கிடைத்துவிட்டதோ என்று உலகமெல்லாம் செய்தி!

முதலாவது இடம் அதே தீவின் வடக்கு முனையில் இருக்கிறது: லான்ஸ் ஓ மெடோஸ். 1960இல் கண்டுபிடித்தார்கள். அங்கே வீடுகளின் அடையாளம் உண்டு, இரும்பு ஆணி உண்டு. 993ஆம் ஆண்டு விண்ணிலிருந்து வந்த கதிர்வீச்சு, மரங்களின் வளையங்களில் ஒரு தடயத்தை விட்டிருந்தது. அங்கே கிடைத்த மரத்துண்டுகளில் அந்த வளையத்திலிருந்து பட்டை வரை எண்ணினார்கள்: 28. ஆகவே மரம் வெட்டப்பட்டது 1021இல். இது 2021இல் வெளிவந்த ஆய்வு.

பாயின்ட் ரோசியில் அப்படி எதுவும் இல்லை. "சுவர்" இயற்கையாகப் படிந்த மண். "இரும்பு" சதுப்பில் தானாக உருவாகும் தாது. 2017இல் கொடுத்த அறிக்கையில், வைக்கிங்குகள் வந்ததற்கு ஆதாரமே இல்லை என்று எழுதியவர்கள் தோண்டியவர்களேதான். எனக்கு அவர்களைப் பிடித்தது அதனால்தான்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி ஒரு படம் வரும்: கடலுக்கடியில் குமரிக்கண்டம், இருபதாயிரம் வருடப் பழைய தமிழ் நகரம். பள்ளிக்கூடத்தில் "நீ எந்த ஊர்?" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த எங்களுக்கு அது இனிக்கத்தான் செய்யும். ஆனால் கீழடிக்கு மதிப்பு வந்தது ஆசையால் அல்ல. குழியில் எடுத்த கரித்துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிக் காலம் கணித்ததால்.

அடுத்த முறை அந்தப் படம் வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். என்ன கிடைத்தது? காலத்தை எப்படிக் கணித்தார்கள்? மாமா கோபிப்பார். பரவாயில்லை, மரியாதையாகவே கேளுங்கள்.