முதலில் கூட்டைப் பார்

மிருகக்காட்சிசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது ஒரு வேலை. அங்கே அவர்களைப் பார்க்கவைப்பது இன்னொரு வேலை. முதலாவதற்கு அதிபரின் ஒப்பம், வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி, பெற்றாரின் சம்மதக் கடிதம், நித்திரை தூங்காத ஒரு சாரதி போதும். இரண்டாவதை எந்த ஆசிரிய கலாசாலையிலும் சொல்லித் தருவதில்லை. களுவாஞ்சிக்குடியில் விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்கு அது மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது.

எங்கள் பக்கத்துச் சுற்றுலாவுக்குப் பழகிய தடம் ஒன்று உண்டு. இரவு பஸ் ஏறினால் விடியத் தெகிவளை. திரும்பும் வழியில் பின்னவலை, பேராதனைப் பூந்தோட்டம். தெகிவளையில் வாசலைத் தாண்டியதும் பிள்ளைகள் ஓடத் தொடங்குவார்கள். சிங்கம் பார்த்தாச்சு, ஒட்டகச்சிவிங்கி பார்த்தாச்சு, பாம்பு பார்த்தாச்சு என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஐஸ்கிறீம் கடையில் நிற்பார்கள். வகுப்பில் கேட்டால், "சிங்கம் படுத்துக் கிடந்தது சேர்" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. அது பிள்ளைகளின் குற்றமில்லை. மேடும் பள்ளமுமாக வளைந்து செல்லும் அந்தப் பாதைகளே நடந்துகொண்டிருப்பதற்காகப் போடப்பட்டவை. நிற்பதற்கு ஒரு காரணத்தைக் கொடுப்பதுதான் ஆசிரியரின் வேலை.

நான் கொடுக்கும் காரணம் இது: விலங்கைப் பிறகு பார்க்கலாம், முதலில் கூட்டைப் பாருங்கள். உங்களுக்கும் விலங்குக்கும் நடுவில் இருப்பது கம்பியா, கண்ணாடியா, அகழியா? நிலம் சீமெந்தா, மண்ணா? யாரும் பார்க்கக்கூடாது என்று அந்த விலங்கு நினைத்தால் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா? இந்தக் கேள்விகளோடு நிற்கும் பிள்ளை கால் மணித்தியாலம் நகராது. விலங்கும் அதற்குள் எழும்பி நாலடி நடந்துவிடும்.

கூட்டைப் படிக்க வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அதை நான் பஸ்ஸிலேயே சொல்லிவிடுவேன். தெகிவளைத் தோட்டம் வியாபாரத்தில் பிறந்தது. 1920களின் இறுதியில் அதைத் தொடக்கியவர் ஜோன் ஹாகன்பெக் என்ற ஜேர்மானியர். ஹாம்பர்க் நகரத்து மிருக வியாபாரி காள் ஹாகன்பெக்கின் தம்பி முறை. தகப்பன் ஒருவர், தாய்மார் வேறு. உலகத்தின் பல மிருகக்காட்சிசாலைகளுக்கு யானையும் புலியும் விற்ற குடும்பம் அது. 1880களில் காள் ஹாகன்பெக் இலங்கையிலிருந்து யானைகளை மட்டுமல்ல, மனிதரையும் கூட்டிப்போய் ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு நிறுத்தினார். இதைச் சொன்னதும் பஸ்ஸுக்குள் சத்தம் அடங்கிவிடும். "ஆக்களையுமா சேர்?" என்று யாராவது கேட்பார்கள். ஓம், ஆக்களையும்தான்.

அதே காள் ஹாகன்பெக்தான் 1907இல் ஹாம்பர்க்கில் கம்பியில்லாத தோட்டத்தைத் திறந்து, அகழிக்கு அப்பால் சிங்கத்தை விட்டுக் காட்டியவர். இன்றைக்குத் திறந்தவெளி என்று நாம் பாராட்டும் அமைப்புக்கு வழிகாட்டியவரும், மனிதரை டிக்கெட்டுக்குக் காட்டியவரும் ஒரே ஆள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது விளங்குமா என்று சில ஆசிரியர்கள் கேட்பார்கள். பெரியவர்களைவிடச் சுகமாக அவர்களுக்கு விளங்குகிறது.

ஜோனின் கம்பனி நட்டப்பட்டு 1936இல் கலைக்கப்பட, அரசாங்கம் தோட்டத்தைப் பொறுப்பேற்றது. 1946இல் அது தனித் திணைக்களமாயிற்று. நீண்ட காலம் அதை நடத்திய மேஜர் ஒப்ரி வைன்மன் காலத்தில் ஆசியாவின் நல்ல தோட்டங்களில் ஒன்று என்ற பெயர் அதற்கு வந்தது. பின்னேரத்து யானை ஆட்டம் பல பத்தாண்டுகள் கொழும்புக்குப் போனவர்களெல்லாம் பார்த்துவந்த சங்கதி. எங்கள் ஊர்க் கிழவிகள் இன்றும் அதைக் கதைப்பார்கள். வைன்மனுக்குப் பிறகு வந்த லின் டி அல்விஸ், சிங்கப்பூர் மிருகக்காட்சிசாலையை வடிவமைக்க அழைக்கப்பட்டார். 1973இல் திறந்த அந்தத் தோட்டமும் 1994இல் வந்த இரவுச் சபாரியும் உலகப் பெயர் பெற்றவை. தெகிவளையில் தொழில் பழகியவரின் கைவண்ணம் சிங்கப்பூரில் விசாலமான காட்டுச் சூழலில் விரிந்தது. தெகிவளையோ வீடுகளுக்கு நடுவில் இருபது ஏக்கரைச் சற்றே தாண்டிய நிலத்துக்குள் நெருங்கிக் கிடக்கிறது. ஆகவே ஒரு கூடு சிறிதாக இருந்தால் அதைக் கட்டியவனுக்கு அறிவில்லை என்று எழுதாதீர்கள், எந்த ஆண்டில், எந்தக் காசில், எந்த நிலத்தில் கட்டினான் என்று கேளுங்கள் என்பேன்.

விலங்குகளின் பட்டியலுக்கும் இதே முறைதான். தெகிவளையில் சிங்கம் இருக்கிறது, வங்கப் புலி இருக்கிறது. நம்முடைய காடுகளில் இரண்டும் இல்லை. கொடியில் சிங்கம் பிடித்த நாட்டில் சிங்கத்தைப் பார்க்கக் கூட்டுக்குத்தான் போகவேண்டும். நமக்கென்று இருப்பது சிறுத்தை. உலகத்தில் வேறெங்கும் இல்லாத துணையினம். அதற்கு முன்னால் பிள்ளைகளைக் கூடுதல் நேரம் நிற்கச் சொல்வேன்.

யானைக்கு முன்னால் நான் வாயே திறப்பதில்லை. என் வகுப்பில் பட்டிருப்புப் பாலம் கடந்து, வாவிக்கு அப்பால் இருக்கும் படுவான்கரையிலிருந்து வரும் பிள்ளைகள் இருப்பார்கள். வெல்லாவெளிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யானை என்றால் அறுவடைக் காலத்து இரவு. நெல் மூட்டை அடுக்கிய வீட்டுச் சுவர் இடியும் சத்தம். தகப்பன் கையில் ஆனைவெடி. இழவு விழுந்த வீடுகளும் அவர்களுக்குத் தெரியும். ஒருமுறை சங்கிலியில் நின்ற யானை ஒன்று தலையை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டிருந்தது. "ஆனை ஆடுது!" என்று வாவிக்கு எங்கள் பக்கத்து எழுவான்கரைப் பிள்ளைகள் கைதட்டினார்கள். படுவான்கரைப் பெடியன் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "எங்கட பக்கம் வாற ஆனை இப்பிடி ஆடாது. நிண்டா காத மட்டும்தான் அசைக்கும்."

நான் ஒரு பாடவேளை முழுக்கச் சொல்லவேண்டியதை அவன் இரண்டு வசனத்தில் முடித்துவிட்டான். அடைபட்ட விலங்கு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, புலி ஒரே தடத்தில் நடப்பது எல்லாம் செய்வதற்கு வேறொன்றும் இல்லாத உடம்பின் பழக்கம். இப்போது கைக்கடிகாரத்தைக் கொடுத்து எண்ணச் சொல்கிறேன். ஐந்து நிமிடத்தில் எத்தனை தரம், எந்த மூலையில் திரும்புகிறது, தீன் வரும்போது நிற்கிறதா? அவதானம் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

பின்னவலையில் கேள்வி வேறு மாதிரி வரும். 1975 முதல் தாயை இழந்த யானைக் குட்டிகளை வளர்க்கும் இடம் அது. 1984இல் அங்கேயே முதற் கன்றும் பிறந்தது. "ஏன் சேர் இதுகளத் திரும்பக் காட்டுல விடல்ல?" என்று கேட்பார்கள். மனிதக் கையிலேயே வளர்ந்த யானை மனிதனுக்குப் பயப்படாது. பயப்படாத யானை காட்டுக்குப் போனால் முதலில் வருவது வயலுக்கு. உடவளவையில் 1995இல் தொடங்கிய யானைக் குட்டிப் பராமரிப்பு நிலையத்தில் நேரத்துக்குப் பால் மட்டும் கொடுத்து, மற்ற நேரம் ஆள் நெருங்காமல் விட்டு, வளர்ந்ததும் கூட்டமாகக் காட்டுக்கு அனுப்புகிறார்கள். இரண்டும் ஒரே நாட்டின் அரச நிறுவனங்கள். எதை எப்போது செய்வது என்று பஸ்ஸில் வாக்குவாதம் நடக்கும். நான் தீர்ப்புச் சொல்வதில்லை.

2021 ஜூனில் தெகிவளையில் தோர் என்ற சிங்கத்துக்குக் கொவிட் தொற்று உறுதியானது. பயண முடக்கம் இருந்த காலம். எங்களிடமிருந்து அதற்குப் போன நோய் அது. கூடு சிங்கத்தை எங்களிடமிருந்து காப்பாற்றவில்லை என்பதை அந்தச் செய்தியைவிடத் தெளிவாக எந்தப் பாடத்தாலும் சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகத்தான் வேண்டுமா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ரிதியகமவில் 2016இல் திறந்த சபாரிப் பூங்காவில் பஸ்ஸுக்குள் இருப்பது நாங்கள், வெளியே உலாவுவது விலங்கு. எதிர்காலம் அந்தத் திசையில்தான். ஆனாலும் தெகிவளையை நான் விடமாட்டேன். விலங்கை எப்படி நினைத்தோம் என்பதன் நூறாண்டு அங்கே சீமெந்திலும் கம்பியிலும் நிற்கிறது. ஒரு வேலியை யார், எதற்கு, யாருக்காகப் போட்டார்கள் என்று அங்கே கேட்கப் பழகிய பிள்ளை, படுவான்கரையில் மின்வேலி எங்கே போகவேண்டும் என்ற பேச்சு வரும்போது வாய் திறந்து பேசும். அந்தப் பேச்சில் படித்த பிள்ளைகளின் குரல் எங்களுக்கு அவசியம்.

புதிதாகச் சுற்றுலா ஒழுங்கு செய்யும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். முழுத் தோட்டத்தையும் காட்டவேண்டாம். நாலைந்து கூடுகளைத் தெரிவுசெய்து அங்கேயே நில்லுங்கள். நேரம் போதாது என்றால், விமானம் பார்க்கவென்று பலரும் சேர்க்கும் கட்டுநாயக்க விமான நிலையத்தைப் பயணத் திட்டத்திலிருந்து வெட்டிவிடுங்கள். பிள்ளைகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள், பிறகு சரியாகிவிடும்.