ரிவெட் எண்ணப் போன ஊர்

உங்க கட்டை விரல் நகத்தை ஒரு தடவை பாருங்க. அதுல கால்வாசி சைஸ்ல ஒரு பிளாஸ்டிக் குச்சி. பைலட் கையில பிடிக்கிற கன்ட்ரோல் ஸ்டிக் அது. ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, ட்வீசர்ல தூக்கி, காக்பிட்டுக்குள்ள நேரா நிறுத்தி ஒட்டணும். அந்த நேரம் பார்த்து ரூம்மேட் தும்மினா போச்சு! மறுநாள் காலையில தரையில தவழ்ந்து தேட வேண்டியதுதான்.

இதுக்குப் பேருதான் ஸ்கேல் மாடலிங். நிஜ விமானத்தை 72-ல ஒரு பங்கா சுருக்கி, பிளாஸ்டிக் கிட்டா விப்பாங்க. வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடிக்கிறது நம்ம வேலை. மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. அதுலயும் குறிப்பா, ரெண்டாம் உலகப் போர்ல பறந்த ஜெர்மன் போர் விமானங்கள்.

ஏன் ஜெர்மன்? உண்மையைச் சொல்றேன், கலர்தான் காரணம். ஜெர்மன் விமான அமைச்சகம் ஒவ்வொரு கலருக்கும் நம்பர் கொடுத்திருந்தது. ஆர்.எல்.எம். 74, 75, 76-னு மூணு வகை சாம்பல். உடம்போட பக்கவாட்டுல மேகம் மேகமா திட்டுகள். அதை ஏர்பிரஷ்ல கொண்டு வந்துட்டா, நீங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

போன வருஷம் எங்க காலேஜ் சிம்போசியத்துல என்னோட மெஸ்ஸெர்ஷ்மிட் பி.எஃப்.109 ஜி-6 மாடலுக்கு முதல் பரிசு. 12 சென்டிமீட்டர் நீளம், 14 சென்டிமீட்டர் இறக்கை. 'எவ்வளவு துல்லியம்?'னு ஜட்ஜ் கேட்டார். 'ஒவ்வொரு ரிவெட்டும் இருக்கு சார்'னு கெத்தா சொன்னேன். எங்க கூட்டத்துல இப்படிப்பட்ட ஆளுங்களுக்கு 'ரிவெட் கவுன்ட்டர்'னு ஒரு பட்டப்பேரே இருக்கு. நான் அதுல சேர்த்தி.

அந்தப் பெருமையோடதான் சம்மர் இன்டர்ன்ஷிப்புக்கு ஜெர்மனியில இருக்கிற மியூனிக் நகரத்துக்குப் போய் இறங்கினேன். ரெண்டு மாசம் ஒரு லேப்ல வேலை. சனி, ஞாயிறு லீவு. சும்மா இருப்பேனா?

வாலில் ஒரு வெற்றிடம்

முதல் வாரமே கடை தேடிப் பிடிச்சு ஒரு கிட் வாங்கினேன். மெஸ்ஸெர்ஷ்மிட் மீ 262. போர்ல இறங்கின உலகத்தின் முதல் ஜெட் ஃபைட்டர். ரூமுக்கு வந்து டப்பாவைத் திறந்தா, ஸ்டிக்கர் ஷீட்ல ஒண்ணு குறையுது. விமானத்தோட வால்ல இருக்க வேண்டிய நாஜி ஸ்வஸ்திக்கைக் காணோம். டப்பா மேல இருந்த படத்துலயும் வால் காலி.

அச்சுப் பிழைன்னு நினைச்சு லேப்ல பி.எச்டி. பண்ற ஜெர்மன் அண்ணன்கிட்ட கேட்டேன். அவரும் சின்ன வயசுல மாடல் ஒட்டினவர். சிரிச்சார். ஜெர்மன் குற்றவியல் சட்டத்துல 86ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்காம். நாஜிச் சின்னங்களைப் பொதுவுல காட்டுறது குற்றம். பாடம், ஆராய்ச்சி, கலை மாதிரி விஷயங்களுக்கு மட்டும் விலக்கு. வம்பே வேண்டாம்னு கிட் கம்பெனிகள் அதை விட்டுடுவாங்க. இல்லேன்னா ரெண்டு துண்டா உடைச்சுக் கொடுப்பாங்க, வேணும்னா நாமளே சேர்த்து ஒட்டிக்கலாம்.

நம்ம வீட்டுப் பூஜை ரூம் கதவுல இருக்கிற ஸ்வஸ்திக்கைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது கொஞ்சம் விநோதமா இருக்கும். அது வேற, இது வேற. இது ஒரு கட்சி சாய்ச்சுப் பிடிச்சுக் கொடியில ஏத்தின சின்னம். அந்தக் கொடிக்குக் கீழே நடந்தது என்னன்னு உலகத்துக்கே தெரியும்.

"சின்னம் இல்லாட்டி மாடல் துல்லியமா இருக்காதே?"ன்னு கேட்டேன். "துல்லியம் பத்திப் பேசணும்னா இந்த வீக்எண்ட் ரெண்டு நாளும் என்கூட வா"ன்னார். சனிக்கிழமை ஒரு மியூசியம், ஞாயித்துக்கிழமை ஒரு காடு. அதான் பிளான்.

தீவு மேல ஒரு மியூசியம்

மியூனிக்குக்கு நடுவுல ஈசார்னு ஒரு ஆறு ஓடுது. அதுக்கு நடுவுல ஒரு தீவு. தீவு முழுக்க டாய்ச்சஸ் மியூசியம். 1925-ல திறந்தது. இன்ஜினீயரிங் படிக்கிறவங்க இங்கே போனா ஒரு நாள் பத்தாது, சொல்லிட்டேன்!

விமானப் பிரிவுல மீ 262-ஐப் பார்த்ததும் கால் நின்னுடுச்சு. சுறா மீன் மாதிரி மூக்கு. இறக்கைக்குக் கீழே ரெண்டு ஜெட் எஞ்சின். உடம்பை குறுக்கே வெட்டினா கிட்டத்தட்ட முக்கோணம். 1945 ஏப்ரல் 25-ஆம் தேதி, போர் முடிய ரெண்டு வாரம்கூட இல்லாதப்போ, ஹான்ஸ் கைடோ முட்கேங்கிற பைலட் இதே விமானத்தை சுவிட்சர்லாந்துக்கு ஓட்டிட்டுப் போய் இறக்கிட்டார். 1957-ல சுவிஸ்காரங்க ஜெர்மனிக்கே திருப்பிக் கொடுத்தாங்க.

நம்ம ஆளுங்களுக்கு ஒரு டெக்னிக்கல் மேட்டர். 262-ஓட இறக்கை பின்னால சாய்ஞ்சிருக்கும். வேகத்துக்காகன்னுதான் நினைப்போம். நிஜக் காரணம், எஞ்சின் எதிர்பார்த்ததைவிட எடை கூடிப்போச்சு. சென்டர் ஆஃப் கிராவிட்டியைச் சரிக்கட்டத்தான் இறக்கையைச் சாய்ச்சாங்க. இதே சென்டர் ஆஃப் கிராவிட்டி மாடல் செய்யறவங்களையும் விடாது. மூக்குக்குள்ள ஈயக் குண்டு வைக்காம ஒட்டிட்டீங்கன்னா, முடிச்சு மேஜையில வெச்சதும் விமானம் அண்ணாந்து வால்ல உட்கார்ந்துடும்!

எஞ்சின் கதை இன்னும் பாவம். நிக்கல், குரோமியம் மாதிரி சூடு தாங்குற உலோகங்களுக்கு ஜெர்மனியில தட்டுப்பாடு. இருந்ததை வெச்சு ஒப்பேத்தினாங்க. மணிக்கு 870 கிலோமீட்டர் வேகத்துல பறந்த விமானத்தோட எஞ்சின் ஆயுசு, 10-லிருந்து 25 மணி நேரம்தான்.

நான் தகட்டு இணைப்புகளையே உத்துப் பார்த்துக்கிட்டிருந்தேன். காற்று வழுக்கிக்கிட்டுப் போகணுங்கிறதுக்காக, ஃபேக்டரியில இந்த இணைப்புகள் மேல பட்டி பூசித் தேய்ச்சிருக்காங்க. போர் முடியறப்போ பெயின்ட் அடிக்காமலே சில 262-கள் அமெரிக்கப் படைகள் கையில சிக்கினது. வெள்ளி உடம்புல சாம்பல் கோடு கோடா பட்டி தெரியற போட்டோக்கள் மாடலர்கள் மத்தியில ரொம்ப ஃபேமஸ். என் கிட்டையும் அப்படித்தான் செய்யப் போறேன்னு அண்ணன்கிட்ட உற்சாகமா சொன்னேன்.

"பட்டி பூசினது யாரு?"ன்னார்.

அவ்வளவுதான் கேட்டார். எனக்குப் பதில் தெரியல. வடிவமைச்சவங்க பேர் கேட்டிருந்தா கடகடன்னு ஒப்பிச்சிருப்பேன். வில்லி மெஸ்ஸெர்ஷ்மிட். ஃபோக்கவுல்ஃப் 190 செஞ்ச குர்ட் டாங்க். அவர்தான் போருக்கப்புறம் இந்தியாவுக்கு வந்து, பெங்களூரு எச்.ஏ.எல்.லுக்காக மாருத் ஜெட்டை வடிவமைச்சவர். 1961-ல அது முதல் தடவை பறந்தது. பைலட் பேர் தெரியும், பெயின்ட் நம்பர் தெரியும். பட்டி பூசினவர் பேர்?

காட்டுக்குள்ள ஒரு வளைவு

ஞாயித்துக்கிழமை காலையில சைக்கிளையும் ரயில்லயே ஏத்திக்கிட்டு, மியூனிக்குக்குக் கிழக்கே ஒரு மணி நேரம் போனோம். மூல்டோர்ஃப்ங்கிற சின்ன ஊர். அமைதியான பண்ணை வீடுகள், ஜன்னலோரம் பூந்தொட்டி. அதைத் தாண்டி ஒரு பைன் காடு. காட்டுப் பாதையில சைக்கிள் மிதிச்சுப் போனா, மரங்களுக்கு நடுவுல திடீர்னு நிக்குது அது.

கான்கிரீட் வளைவு. ஒண்ணே ஒண்ணு. பல மாடி உயரத்துக்குப் பிரம்மாண்டமா வளைஞ்சு நிக்குது. மேல செடியும் பாசியும். பக்கத்துல பெரிய பெரிய கான்கிரீட் பாளங்கள் உடைஞ்சு கிடக்கு, முறுக்குக் கம்பிகள் வெளியில நீட்டிக்கிட்டு.

கதை இதுதான். 1944 பிப்ரவரியில நேச நாடுகள் ஜெர்மன் விமானத் தொழிற்சாலைகளைக் குறிவெச்சு குண்டு வீசினாங்க. தப்பிக்க, தொழிற்சாலைகளை மண்ணுக்கடியிலயும் ராட்சத பங்கர்களுக்குள்ளயும் கொண்டுபோக முடிவாச்சு. மூல்டோர்ஃப் காட்டு பங்கர்ல மீ 262 தயாரிக்கிறதாத் திட்டம். 12 வளைவுகள் கட்டணும்.

கட்டின முறை சிவில்காரங்களை அசத்தும். ஜல்லியை மலையா குவிச்சு, அதையே சென்ட்ரிங் மாதிரி வெச்சு, மேல கான்கிரீட் கொட்டினாங்க. இறுகினதும் அடியில இருந்த ஜல்லியைத் தோண்டி ரயில்ல வெளியேத்தினாங்க. கெட்டிக்கார ஐடியா! அதைச் செஞ்சது யாருன்னு படிக்கிற வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சேன்.

செஞ்சது டாகாவ் வதைமுகாமோட கிளை முகாம்கள்ல இருந்த கைதிகள். பெரும்பாலும் ஹங்கேரியிலேர்ந்து ஆஷ்விட்ஸ் வழியா கொண்டு வரப்பட்ட யூதர்கள். 1944 ஜூலையிலேர்ந்து 1945 ஏப்ரல் வரைக்கும், பத்து மாசம்கூட முழுசா இல்ல. 8,000-க்கும் மேற்பட்டவங்க இங்கே வந்தாங்க. கிட்டத்தட்ட பாதிப் பேர் உயிரோட திரும்பல. 50 கிலோ சிமென்ட் மூட்டையைப் பட்டினி வயித்தோட சுமந்தவங்க.

நம்ம ஹாஸ்டல்ல எத்தனை பேர் இருப்போம்? எங்களுது 400. நான் மனசுல கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து ஹாஸ்டல். அதுக்கு மேல போட முடியல.

ஏழு வளைவுதான் முடிஞ்சது. 1947-ல அமெரிக்க ராணுவம் வெடி வெச்சுத் தகர்த்ததுல ஆறு விழுந்துச்சு, ஒண்ணு மட்டும் நின்னுடுச்சு. இந்த பங்கர்லேர்ந்து ஒரு மீ 262கூட வெளியில வரல. ஒண்ணுகூட.

அப்போ பறந்த 262-கள்? ஆஸ்திரியாவுல குசன் முகாம் கைதிகளை வெச்சுக் குடைஞ்ச சுரங்கத்துக்குள்ள, அந்தக் கைதிகளே 262-ஓட உடல் பாகங்களைச் செஞ்சாங்க. ஃபுளோசன்பூர்க்னு இன்னொரு முகாம். அங்கே 1943-லேர்ந்து கைதிகள் செஞ்சது எந்த விமானத்தோட பாகங்கள் தெரியுமா? பி.எஃப்.109. நான் 'ஒவ்வொரு ரிவெட்டும் இருக்கு சார்'னு சொல்லிப் பரிசு வாங்கினேனே, அதே 109.

திரும்பி வர்ற ரயில்ல நாங்க ரெண்டு பேரும் அதிகம் பேசிக்கல. "இதெல்லாம் தெரிஞ்சப்புறம்தான் மாடல் ஒட்டுறதை நிறுத்தினீங்களா?"ன்னு கேட்டேன். "இல்லையே, கண்ணு மங்கிடுச்சு, அதான் நிறுத்தினேன்"ன்னார். அப்புறம், "ஒட்டு. ஆனா எதை ஒட்டுறோம்னு தெரிஞ்சுக்கிட்டு ஒட்டு"ன்னார்.

மறுபடியும் மேஜைக்கு

அந்த கிட் ரெண்டு வாரம் டப்பாவுலயே கிடந்துச்சு. தூக்கிப் போட்டுடலாமான்னுகூடத் தோணுச்சு. அப்புறம் யோசிச்சேன். போட்டுட்டா, எனக்கு அந்தக் காட்டைப் பத்தி எப்படித் தெரிஞ்சிருக்கும்? இந்த 15 சென்டிமீட்டர் பிளாஸ்டிக்தானே என்னை அங்கே கூட்டிட்டுப் போச்சு?

இன்னொண்ணும் படிச்சேன். 1942-ல அமெரிக்கக் கடற்படை அஞ்சு லட்சம் மாடல் விமானங்கள் வேணும்னு பள்ளி மாணவர்கள்கிட்ட கேட்டுச்சு. பசங்க மரத்துல இதே 1:72 ஸ்கேல்ல செதுக்கிக் கொடுத்தாங்க. வானத்துல வர்றது எதிரியா, நம்ம ஆளான்னு வீரர்களுக்குக் கத்துக்கொடுக்க. கணக்கு சிம்பிள். 1:72 மாடலைப் பத்து மீட்டர் தள்ளி வெச்சுப் பார்த்தா, நிஜ விமானத்தை 720 மீட்டர் தள்ளிப் பார்க்கிற மாதிரி. ஆக, மாடல்ங்கிறது பொம்மை மட்டும் இல்ல, அடையாளம் காட்டுறதுக்கும்தான்.

இப்போ ஊருக்குத் திரும்பியாச்சு. 262 என் ஹாஸ்டல் மேஜையில இருக்கு. மூக்குல ஈயம் வெச்சாச்சு. உடம்பு ரெண்டு பாதியையும் ஒட்டியாச்சு. நேத்து இணைப்புல பட்டி பூசி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். ஒரு விரல் நீளத்துக்கு முக்கால் மணி நேரம். கை வலிச்சுது. ஃபேன் காத்துல, டீ குடிச்சுக்கிட்டு, பாட்டு கேட்டுக்கிட்டுச் செஞ்சதுக்கே.

வால்ல சின்னத்தை ஒட்டப் போறதில்ல. சட்டம் இங்கே தடுக்காது. ஆனா அதை ஒட்டினாத்தான் மாடல் முழுசாகும்னு இப்போ எனக்குத் தோணல. பட்டிக் கோடுகளை மட்டும் நல்லாத் தெரியற மாதிரி விடப் போறேன்.

மாடலுக்கு முன்னால ஒரு கார்டு வைப்போம் இல்லையா? பேர், எஞ்சின், வேகம்னு போன வருஷம் மூணு வரி எழுதினேன். இந்த வருஷக் கார்டுல எட்டு வரி. மூல்டோர்ஃப், குசன், ஃபுளோசன்பூர்க் மூணு பேரும் அதுல இருக்கு. பழைய 109-க்கும் புதுசா ஒரு கார்டு எழுதியாச்சு.

ஜட்ஜ் மார்க் குறைச்சாலும் பரவாயில்ல. சிம்போசியத்துக்கு நீங்க வந்தா எங்க ஸ்டால் பக்கம் ஒரு எட்டு வாங்க. விமானத்தைத் தாராளமா செல்போன்ல போட்டோ எடுத்துக்கலாம். ஒரே ஒரு கண்டிஷன்... கார்டைப் படிச்சிட்டுத்தான் எடுக்கணும்!