கைப்பொருளும் கானகவிடுதியும்

புதுநாடு காண விரும்பாதார் அரியர். அதற்காகும் பொருளை எண்ணிக் கலங்காதார் அவரினும் அரியர். விரலுக்குத் தக்க வீக்கமே வேண்டும் என்பது எம் இல்லத்தாரின் நெடுநாட் கொள்கை. அதனை யாம் ஒருகால் மறந்ததும், ஒரு முதியவரால் மீண்டும் உணர்ந்ததுமாகிய வரலாற்றை ஈண்டுச் சொல்லப் புகுகின்றோம்.

எம் சிற்றப்பா தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரில் மணஞ்செய்து வாழ்பவர். 1860-ஆம் ஆண்டு முதலாக நேட்டால் கரும்புத் தோட்டங்கட்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற தமிழர் வழியில் வந்தது எம் சிற்றன்னையாரின் குடும்பம். சென்ற கோடை விடுமுறைக்கு எம்மையும் பெற்றோரையும் அவர்கள் அங்கு அழைத்தனர். குரூகர் தேசியப் பூங்காவில் நான்கு இரவு தங்கி விலங்குகளைக் காண்பதென்றும், செலவை இரு குடும்பமும் பகிர்ந்துகொள்வதென்றும் முடிவாயிற்று. எம் தந்தையார், தமக்கையின் படிப்புக்கென ஒதுக்கியிருந்த பணத்தைத் தொடாது, வேறொரு சிறு தொகையை எடுத்துவைத்து, "இதற்குள் அடங்கும் விடுதியை நீயே தேர்ந்து சொல்" என்றார். அத்துணைப் பெரும் பொறுப்பு அதற்குமுன் எமக்கு வாய்த்ததில்லை.

யாம் ஆராய்ந்தறிந்தவற்றைச் சுருங்கக் கூறுவாம். 1898-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பெற்ற பகுதியிலிருந்து வளர்ந்து, 1926-இல் தேசியப் பூங்காவாகிய இந்நிலம் ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. ஆண்டுத் தங்குதற்கு மூன்று வழிகள் உள. முதலாவது, பூங்காவினுள்ளே அரசினர் நிறுவனம் நடத்தும் முகாம்கள். கூடாரமடிக்கும் இடம், பொதுக் குளியலறையுடைய குடில், தனிச் சமையலிடமுள்ள பங்களா, பலர் தங்கும் பெருமனை என இவை படிப்படியாக உயரும். உணவை நாமே சமைக்கலாம். வண்டியை நாமே ஓட்டலாம். ஆனால் சாலையை விட்டு விலகலாகாது. தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேற் செல்லலாகாது. குறித்த மாலைப்பொழுதுக்குள் முகாமின் வாயிலை அடைதல் வேண்டும். இரண்டாவது, பூங்காவிற்குப் புறத்தேயுள்ள ஊர்களின் விடுதிகள். இவற்றுட் குறைந்த விலையுள்ளனவும் உண்டு; ஆயினும் நாள்தோறும் விடியலிற் சென்று பூங்காவின் வாயிலிற் காத்து நிற்கவேண்டும்.

மூன்றாவது, மேற்கெல்லையை அடுத்த சாபி சாண்ட், டிம்பவாட்டி முதலிய தனியார் காப்புக்காடுகளில் உள்ள விடுதிகள். அவற்றிற்கும் பூங்காவிற்கும் இடையே வேலியில்லை. ஆதலின் இன்று இங்கு உலவும் சிங்கம் நாளை அங்கு உலவும். உணவும், காலையும் மாலையும் திறந்த வண்டியிற் செல்லும் உலாவும், வழிகாட்டியும், அடிச்சுவடு கண்டு விலங்கைத் தேடித் தருவோனும் ஒரே விலையுள் அடங்கும். சாலையை விட்டு விலகிப் புதருக்குள்ளும் வண்டி புகும். எனவே அவ்விலை மிகுதியென்று மட்டும் சொல்லிவிடுதல் முறையன்று. அதனுள் யாவை அடங்குமென்று பார்த்தே ஒப்பிடல் வேண்டும்.

கணக்கிற் பிழைபடுதற்குரிய இடங்களும் சில உள. தனியார் விடுதிகள் பெரும்பாலும் ஓரிரவுக்கு ஓராளுக்குரிய விலையையே கூறும். அதுவும் இருவர் ஓரறையிலிருப்பதாகக் கொண்டே கூறும். அரசினர் முகாமில் தங்குவோர் நாட்கட்டணம் தனியே செலுத்தவேண்டும். அயல்நாட்டார்க்கு அது மிகுதி. மே முதல் செப்டம்பர் வரை மழையின்மையாற் புல் தாழ்ந்து, விலங்குகள் நீர்நிலைகளை நாடி வரும், கொசுவும் குறைவு. மழைக்காலத்தில் தனியார் விடுதிகள் சிலவற்றின் விலை இறங்கும். ஆனால் உயர்ந்த புல் விலங்கை மறைத்துவிடும். மலேரியாவுக்கு அஞ்சுவோர் அந்நோயில்லாத பிலானெஸ்பெர்க், மாடிக்வே காடுகளை நாடலாம். போட்சுவானாவின் ஒக்கவாங்கோ கழிமுகம் போன்ற இடங்களோ எம் எண்ணத்திற்கும் எட்டாதவை. வருவோர் சிலராகவும் விலை உயர்வாகவும் இருத்தலே அந்நாட்டார் நெடுங்காலம் கைக்கொண்ட முறை. உள்விடுதிகள் பலவற்றிற்குச் சிறு விமானத்திலேதான் செல்லவேண்டும்.

இவ்வளவும் அறிந்தபின்னும் எம் அறிவு வழுக்கியது. தனியார் விடுதியொன்றின் படத்தைக் கண்டோம். நீச்சற்குளத்தின் விளிம்பில் நின்று ஒரு யானை நீர் பருகிக்கொண்டிருந்தது. அக்கணமே எம் உள்ளம் அங்கே குடிபுகுந்தது. அவ்விடுதியில் ஓரிரவு ஒருவர்க்காகும் தொகையைக் கொண்டு, அரசினர் குடிலிற் குடும்பமே பல இரவு தங்கலாம். அதனை அறிந்தும், தமக்கையின் பணத்திற் சிறிது எடுத்தாலென்ன என்று தந்தையாரைக் கேட்டுவிட்டோம். அவர் மறுமொழி கூறவில்லை. அருகிருந்த தமக்கை, "எடுத்துக்கொள்ளட்டும், அப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றாள். உண்மையை மறைப்பதேன்? யாம் விரும்பியது விலங்கையன்று. கல்லூரி விடுதித் தோழர்க்குக் காட்டி வியப்பிக்க ஒரு நிழற்படத்தையே விரும்பினோம்.

அன்றிரவு சிற்றப்பாவுடன் தொலைபேசியிற் பேசுகையில், சிற்றன்னையாரின் தந்தையார் இடையே பேசினார். எண்பதை நெருங்கிய பெரியவர்; தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுபவர். "தம்பி, எந்த இடம் எடுத்திருக்கிறாய்?" என்று வினவினார். யாம் எம் விருப்பத்தைக் கூறினோம். சிறிது நேரம் பேசாதிருந்து, பின் சொன்னார்: "என் அப்பா ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் வேலை பார்த்தார். அவர்கள் வருஷந்தோறும் குரூகருக்குப் போவார்கள். அப்பா பெட்டிகளையெல்லாம் காரில் ஏற்றிவிட்டு, கேட்டைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வருவார். அந்த முகாம் குடிசைகளில் படுக்க அப்போது நமக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. நான் ஒரு ராத்திரி அங்கே படுக்கவேண்டும், தம்பி. அவ்வளவுதான்."

நிறவெறிச் சட்டங்கள் நடந்த நாளில் பூங்காவின் முதன்மையான முகாம்கள் வெள்ளையர்க்கே உரியனவாயிருந்தன என்பதை யாம் நூலிற் படித்ததுண்டு. ஆயினும் அன்றுதான் அஃது எம் செவியிற் புகுந்தது. பூங்காவின் வடகோடியில் வாழ்ந்த மக்குலேக்கே மக்கள் 1969-இல் தம் நிலத்தினின்று அகற்றப்பட்டு, 1998-இல் அதனை மீளப் பெற்றனர் என்றும், ஆண்டுள்ள விடுதிகள் இன்று அம்மக்கட்கே பயன்தருகின்றன என்றும் பின்னர் அறிந்தோம். நாம் கொடுக்கும் பணம் யாரைச் சேர்கின்றது என்பதும் விடுதி தேர்வோர் கேட்கத்தக்க வினாவே.

மறுநாட் காலை, தமக்கையின் பணத்தைப் பற்றிய பேச்சை மன்னிக்க வேண்டினோம். சாபி ஆற்றங்கரையிலுள்ள லோயர் சாபி முகாமில் அரசினர் குடில்களையே பதிவுசெய்தோம். தந்தையார் தந்த தொகையில் ஒரு பங்கு மிச்சமாயிற்று.

நான்கு நாளும் அன்னையாரும் சிற்றன்னையாரும் சோறு சமைத்தனர். சிற்றப்பா வண்டி ஓட்டினார். வரிக்குதிரையும், ஒட்டகச்சிவிங்கியும், ஆற்றிற் கூட்டமாய்க் கிடந்த நீர்யானைகளும் கண்டோம். சிறுத்தையைக் காணவில்லை. முதல் நாள் அலுவலகத்தில் குடிலின் திறவுகோலைக் கொடுத்தபோது, பெரியவர் அதனை யாரிடமும் தாராமல் தாமே கொண்டுசென்று கதவைத் திறந்தார். அன்றிரவு வாயிற்படியில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். ஆற்றுக்கு அப்பால் எங்கோ ஒரு சிங்கம் முழங்கிற்று. "கேட்டாயா, தம்பி?" என்றார். பின்னர் எழுந்து உள்ளே சென்று, விளக்கை அணைத்துப் படுத்துறங்கினார்.

நீச்சற்குளத்து யானையின் படம் எம்மிடம் இல்லை. தமக்கையின் கட்டணம் உரிய நாளிற் கட்டப்பட்டது.